எழுபத்தாறு கிலோ பிரிவு

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று காலை ஒரு முடிவுக்கு வந்தேன். இருபத்தொன்பது ஆண்டுகளாக என் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுக்குச் சாக்பீஸைத் தண்ணீரில் குழைத்துத் தடவி வந்திருக்கிறேன். இனி கடையில் விற்கும் வெள்ளை பாலிஷ். அவசரப்பட்டு எடுத்த முடிவல்ல. சனிக்கிழமை முழுவதும் இரு தரப்பு வாதங்களையும் கேட்டேன். சாக்பீஸ் தரப்பில் சிக்கனமும் மரபும் இருந்தன. பாலிஷ் தரப்பில், மழை பெய்தால் காலிலிருந்து பால் வடியாது என்ற ஒரே வாதம் இருந்தது. இரண்டு தரப்புக்கும் நானே வாதாடியதால் பாரபட்சத்துக்கு இடமில்லை. காப்பி குடிக்கும்போது மனைவி வசந்தாமணியிடம் அறிவித்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"செரிங்க" என்றாள்.

நாட்குறிப்பும் இன்றிலிருந்துதான். வரும் மே மாதம் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். இந்த மாவட்டத்தில் பள்ளி மாணவர் மல்யுத்தப் போட்டிகளுக்கு நடுவராக நின்றவன் நான் ஒருவனே. இது என் கடைசிப் பருவம். இதை யாராவது எழுதி வைக்க வேண்டும். வேறு யாரும் முன்வரவில்லை.

நடுவர் என்று சொன்னால் "கபடிக்குங்களா?" என்பார்கள். மல்யுத்தம் என்றால், "அது நம்மூர்ல இருக்குதுங்களா?" என்பார்கள். இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள்.

நேற்று ஆடிப்பெருக்கு. மச்சான் குழந்தைவேல் வீட்டில் விருந்து. வசந்தாமணியின் அண்ணன், போர்வெல் போடும் ரிக் வண்டி மூன்று வைத்திருக்கிறார், அவை வடக்கே எங்கெங்கோ பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கின்றன. வழக்கமான பேச்சுத்தான்: மழை, டீசல், மகள் படிப்பு. நான் மல்யுத்தத்தின் இன்றைய நிலை பற்றிச் சிறிது பேசினேன். பெண்களில் எழுபத்திரண்டு கிலோவுக்கு மேல், அதாவது எழுபத்தாறு கிலோ பிரிவில், மாவட்டத்தில் பல வருடங்களாக ஒரு பிள்ளைகூட வருவதில்லை என்று வருத்தத்தோடு சொன்னேன். கை கழுவ எழுந்த மச்சான் எச்சில் கையோடு மறுபடி உட்கார்ந்தார். என் துறையில் அவர் அக்கறை காட்டியது இதுவே முதல் முறை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மச்சான் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தார்.

"மாப்ள, அந்த எழுவத்தாறு கிலோப் பிரிவு இருக்குதுங்கல்ல, அதுல ஒரே ஒரு புள்ள மட்டும் வந்துச்சுன்னா என்னாகும்?"

"அதுக்குத்தான் முதலிடம்."

"சண்டையே போடாமயா?"

"எதிர்ல ஆளில்லாம யாரோட போடறதுங்க, மச்சான்?"

"அப்பறம்?"

"நேரா மாநிலப் போட்டி."

"சர்டிபிகேட்டு?"

"மாவட்டத்துக்கு ஒண்ணு குடுப்பாங்க. மாநிலத்துல இடம் கெடைச்சா இன்னொண்ணு."

வெறும் புழுதி மட்டும் பறந்துகொண்டிருந்த குழியில் ஆயிரம் அடிக்குக் கீழே ஈரம் தெரிந்தால் ஒரு ரிக் உரிமையாளர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி என்னைப் பார்த்தார்.

அவர் மகள் மிருதுளா பன்னிரண்டாம் வகுப்பு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் நடை பழகியது எங்கள் வீட்டுக் கூடத்தில் என்பதைத் தகவலாக மட்டும் குறிக்கிறேன். பெயருக்கு மென்மையானவள் என்று பொருள். எடை அறுபத்தாறு. டாக்டராக வேண்டும் என்பது அவள் அப்பாவின் ஆசை. நுழைவுத் தேர்வுக்கு மதிப்பெண் போதாமல் போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் பிடித்துவிடலாம் என்பது இப்போது உதித்த ஞானம். அவளுடைய ஆசை நிலவியல். எந்த ரிக் வண்டி ஊருக்கு வந்தாலும் டிரைவரிடம் சொல்லிவைத்து, எந்த ஆழத்தில் என்ன நிறத்தில் கல்தூள் வந்தது என்று மாத்திரை டப்பாக்களில் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறாள்.

"கல்லப் படிக்கறதுக்குக் காலேஜ் எதுக்குங்க மாப்ள? நம்ம வண்டியில வந்து நின்னா ரெண்டே நாள்ல தெரிஞ்சு போகுது" என்பார் மச்சான். வண்டியில் வந்து நிற்க அவளை ஒருநாளும் விட்டதில்லை. பெண்பிள்ளை வந்தால் குழி பொய்த்துவிடுமாம்.

நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன். நான் நடுவர். இரு தரப்புக்கும் பொது. பயிற்சி கொடுக்க முடியாது.

"பயிற்சி எதுக்குங்க? ஆளே இல்லையில்ல!" என்று சிரித்தார்.

இந்த வீட்டுக் குழாயில் வருவது மச்சான் தம் வண்டியை நிறுத்தி இறக்கிக்கொடுத்த போர்த் தண்ணீர். தெருவே காலிக் குடத்தோடு நிற்கும் சித்திரையிலும் வரும். குளிக்கும்போது நான் இதைப் பற்றி நினைப்பதில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பாலிஷ் காய நேரமாகிறது. வாதத்தின்போது இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

புராணங்களில் மல்லர்கள் அடிக்கடி மோதுகிறார்கள். ஆனால் யாரும் யாரையும் எடை பார்த்ததாக ஒரு குறிப்பும் இல்லை. மலையைப் பெயர்த்து வருபவனும் மரத்தைப் பிடுங்கி வருபவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். நாகரிகம் வளர்ந்ததும் தராசு வந்தது. தராசு வந்ததும் தகப்பன்மார் வந்தார்கள்.

பையன்களுக்கு எடையைக் குறைப்பார்கள். முந்தின நாளே சோறு தண்ணீர் கிடையாது. வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடவிடுவார்கள், எச்சில் துப்பச் சொல்வார்கள். அதையெல்லாம் பார்த்துப் பழகிவிட்டேன். எடையைக் கூட்டுவதை இப்போதுதான் பார்க்கிறேன். காலையில் நான்கு வாழைப்பழமும் நெய் ஊற்றிய கம்பங்களியும். பத்து மணிக்குக் கடலை உருண்டை. வசந்தாமணியும் தன் பங்குக்குத் தினம் ஒரு தூக்குவாளி நாட்டுக்கோழிச் சாறு அனுப்புகிறாள். காலையில் அண்ணனுக்குப் போன் செய்து "எவ்வளவுங்ணா?" என்கிறாள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரின் காய்ச்சலை விசாரிப்பது மாதிரி.

இன்று அறுபத்தேழரை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மிருதுளா தனியாகச் சைக்கிளில் வந்தாள். அத்தை கோயிலுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து வந்தாள் என்று நினைக்கிறேன். அத்தை இருந்தால் தட்டு வைத்துவிடுவாள்.

"மாமா, மாநிலத்துல அந்தப் பிரிவுக்கு யாரெல்லாம் வருவாங்க?"

உண்மையைச் சொல்வது நடுவரின் கடமை. விளையாட்டு விடுதிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வருவார்கள், காலையும் மாலையும் பழகுகிறவர்கள் என்றேன்.

"என்னைய என்ன பண்ணுவாங்க?"

"தூக்குவாங்க."

"எழுவத்திரண்டு கிலோவையா?"

"அவங்களும் அதே எடைதான கண்ணு."

"விழுந்தா எப்பிடி விழுகணும்?"

"அதுதான் மொதப் பாடம். அதுக்கே ரெண்டு மாசம் ஆகும்."

"சொல்லிக்குடுங்க."

"நான் நடுவர், கண்ணு. ஒரு தரப்புக்கு மட்டும் சொல்லிக்குடுக்கக் கூடாது."

"எதிர்த்தரப்பே இல்லியே மாமா."

இதற்கு விதிப்புத்தகத்தில் பதில் இல்லை.

"செரி, அப்பாகிட்டயாச்சும் சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்குதுன்னு சொன்னா, டாக்டராகப் போறவ பயப்படலாமாங்கறாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு."

"பாக்கலாம் கண்ணு."

"மாவட்டத்துலயே தோத்துட்டாப் போகவேண்டியதில்லைல்ல? தோக்கறது எப்பிடி மாமா?"

அதையும் நான் சொல்ல முடியாது என்பதை விளக்கினேன். வெல்வதற்கு யோசனை சொல்வதும் தோற்பதற்கு யோசனை சொல்வதும் விதிமுறையில் ஒன்றே. அவள் ஒத்துக்கொண்ட மாதிரி தலையாட்டினாள். போகும்போது, வீட்டில் கொடுத்தனுப்பியிருந்த வாழைப்பழங்களைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான்கும் நன்றாகக் கனிந்திருந்தன. நான் தின்றேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மச்சானிடம் பேசுவதற்காகவே அவர் வீட்டுக்குப் போனேன். லாரி டயர் விலை பற்றிப் பேசினோம். பிறகு சாப்பிட்டோம். பிறகு டயர்.

சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வாசலில் செருப்பு மாட்டும்போது, "மாநிலத்துல கொஞ்சம் பழகுன புள்ளைங்க வருவாங்க, மச்சான்" என்றேன்.

"அதுக்குத்தானுங்க நீங்க இருக்கறீங்க!" என்று தோளில் தட்டினார். பத்துத் தேங்காய் கொடுத்தனுப்பினார்.

அறுபத்தொன்பது.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாவட்டப் போட்டி நடுவர் பட்டியல் வந்தது. மல்யுத்தம்: அர்த்தநாரி. நான்தான்.

போட்டியாளர் உறவினர் என்பதால் என்னை விடுவிக்கும்படி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த எழுத்தர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், நீங்க இல்லீன்னா வேற யாருங்க சார்? வாலிபால் சின்ராசு சாரைப் போடட்டுங்களா?"

"அவருக்கு விதி தெரியாதே."

"அப்பறம் நீங்களே சொல்லுங்க."

"உறவுமுறையில சிக்கல் வருமுங்களே."

"எதிர்ல ஆள் பதிஞ்சிருக்குதுங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"ஆளே இல்லாத எடத்துல என்னங்க சார் சிக்கல்?"

யோசித்தேன். மோதல் இல்லையென்றால் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லையென்றால் பாரபட்சம் இல்லை. சின்ராசு, மல்யுத்தம் நடக்கும் மேட் மெத்தையின் ஓரத்தில் துணை நடுவராக உட்காருவார். என் சொல்லை அவர் ஆமோதிக்க வேண்டும்; பத்து வருடமாக ஆமோதித்திருக்கிறார். மேட் தலைவராக, போட்டி நடக்கும் பள்ளியின் தலைமையாசிரியர். சுற்றிக் கயிறு கட்ட வேண்டுமா என்று போனவாரம் என்னிடம் கேட்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நாளை போட்டி. எழுபத்தொன்றுக்கு மேல் முள் நகர மறுக்கிறதாம். காலையில் எடை பார்ப்பதற்கு முன் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்க வைப்பது என்று மச்சானும் வசந்தாமணியும் போனில் தீர்மானித்தார்கள். தண்ணீர் விஷயத்தில் மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஷூ பளிச்சென்று இருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மேட் ஒரு மழலையர் பள்ளியில் இரவல் வாங்கியது. நான்கு மூலையிலும் முயல் படம். நடுவே வட்டம் மட்டும் சிவப்பு நாடாவில் நான் ஒட்டினேன். பெண்களுக்கு எடை பார்த்தது செலின் டீச்சர், உள்ளறையில். எட்டு மணிக்கு வெளியே வந்து, "சார், எழுவத்தாறுல ரெண்டு பேர்" என்றார்.

"ரெண்டா?"

"ஒண்ணு மிருதுளா. இன்னொண்ணு ஓவியான்னு ஒரு புள்ள. ரெண்டும் எழுவத்திரண்டு சொச்சம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பெண்களும் அறையிலிருந்து வெளிப்பட்டுக் கழிப்பறையை நோக்கி ஓடினார்கள். யார் முந்துவது என்பதில் இருவரும் காட்டிய வேகத்தில் பாதியை மேட்டில் காட்டியிருந்தால் இந்த விளையாட்டுக்கு நல்ல காலம் பிறந்திருக்கும். அந்த ஓட்டத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது: இரு தரப்பும் ஒரே தந்திரம்.

ஓவியாவின் அப்பா நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். இரண்டு தகப்பனாரும் வேப்பமரத்தடியில் அறிமுகம் செய்துகொண்டார்கள்.

"உங்க பாப்பா எத்தன வருசமாப் பழகுதுங்க?" என்றார் மச்சான்.

"அது கொஞ்ச நாளாத்தானுங்க. உங்களுது?"

"அதேதானுங்க."

மச்சானே அடுத்ததையும் கேட்டார்.

"என்ன குடுக்கறீங்க?"

"முட்டைதானுங்க. நம்மகிட்ட வேற என்ன இருக்குது? ஒரு நாளைக்குப் பன்னண்டு. நீங்க?"

"களி, நெய்யி. இந்தப் பிரிவுல ஆளில்லீன்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது?"

"ஸ்கூல் பி.டி. சார் சொன்னாருங்க. அவருகிட்ட நடுவர் சாரே சொன்னாராமுங்க."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தத் தகவலை நான் பல ஆண்டுகளாகப் பல இடங்களில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறேன் என்பது உண்மைதான்.

மிருதுளா கழிப்பறையிலிருந்து வந்தாள். எதிரில் ஒரு பெண் நீலச் சட்டையில் நிற்பதைப் பார்த்தாள். ஒரு மாதமாக அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்த நினைவில்லை. இன்று பார்த்தேன்.

"மாமா! ஆள் வந்திருச்சு!" என்று என்னிடம் ஓடி வந்தாள்.

"இங்க சார்னு கூப்புடோணும்" என்றேன்.

"சார்" என்றாள், சிரிப்புக் குறையாமல்.

மச்சான் என்னைத் தனியே கூப்பிட்டார். மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. "பாத்துக்கங்க மாப்ள" என்றார். அவ்வளவுதான். அவர் எப்போதும் மரியாதையானவர்.

நடுவருக்கு இடக்கையில் சிவப்புப் பட்டை, வலக்கையில் நீலப் பட்டை. எந்த நிறத்துக்குப் புள்ளியோ அந்தக் கை உயரும். மிருதுளா சிவப்பு. ஓவியா நீலம். விசில் ஊதினேன்.

இருவரும் நின்றார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஒரே பேருந்துக்குக் காத்திருக்கும் இரண்டு அந்நியர்களைப் போல, அவரவர் இடத்தில், அவசரமில்லாமல்.

"புடி கண்ணு! புடி!" என்று மச்சான் கத்தினார்.

"உடாத பாப்பா! புடி!" என்றார் முட்டைக்காரர்.

"எதைப் புடிக்கறதுங்க சார்?" என்று ஓவியா என்னைக் கேட்டாள். நியாயமான கேள்வி. "செயல்படுங்கள்" என்று இருவரையும் எச்சரித்தேன். இருவரும் கைகுலுக்கினார்கள். முதல் பகுதி முடிந்தது. புள்ளி இல்லை.

இரண்டாம் பகுதி தொடங்கியதும் மிருதுளா மேட்டின் நடுவுக்கு நடந்து போனாள். ஷாலைச் சரிசெய்கிற மாதிரி சட்டையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு மெல்ல உட்கார்ந்து மல்லாக்கப் படுத்தாள். கைகளை விரித்துக்கொண்டாள். கோ-கோ ஆட வந்திருந்த பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள்.

"ஐயோ, என்னாச்சுங்க இவிங்களுக்கு?" என்றாள் ஓவியா.

"மேல படு பாப்பா! மேல படு!" என்று அவள் அப்பா குதித்தார்.

தோள் இரண்டும் தரையில் இருந்தால் மட்டும் தோல்வி ஆகாது. எதிராளி அவற்றைத் தரையில் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மிருதுளாவுக்கு அது தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

ஓவியா ஓரடி முன்னே வந்தாள். படுத்திருந்தவள் அவளைப் பார்த்து, "வாங்க, வாங்க" என்று விரல்களை அசைத்தாள். விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரி. இதைப் பார்த்ததும் ஓவியா மிரண்டுபோய்ப் பின்னால் நடந்தாள். நடந்துகொண்டே போய் சிவப்பு வட்டத்துக்கு வெளியே, முயலின் காதில் கால் வைத்துவிட்டாள்.

வட்டத்தை விட்டு வெளியேறினால் எதிராளிக்கு ஒரு புள்ளி. இது விதி. பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் தடவை அதைக் கண்டுகொள்ளாமல் நடுவுக்கு அழைத்துவந்து நிறுத்துவது என் வழக்கம். பாதிப் பேருக்கு வட்டம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. வழக்கம் வேறு, விதி வேறு. என் இடக்கை உயர்ந்தது. சிவப்புக்கு ஒன்று. அந்த நேரத்தில் மச்சான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

சின்ராசுவைப் பார்த்தேன். ஆமோதித்தார்.

மிருதுளா படுத்தபடியே தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தாள்.

"மாமா, நான்தானுங்க கீழ இருக்கறேன்."

"எந்திரி."

"ரெண்டு தோளும் கீழ இருக்குது, நல்லாப் பாருங்க மாமா."

"எதிராளி புடிச்சிருக்கோணும்."

"அந்தப் புள்ள வரமாட்டீங்குது! நான் என்ன பண்ணட்டும்?"

எழுந்தாள். ஓடிப்போய் ஓவியாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். அழுத்தமான பிடி. முறையாகப் பழகியிருந்தால் நன்றாக வந்திருப்பாள் என்று தோன்றியது. ஓவியா அழ ஆரம்பித்தாள். "அடிக்காதீங்கக்கா" என்றாள். மச்சான், "அப்பிடித்தான் கண்ணு! அப்பிடித்தான்!" என்று கைதட்டினார்.

அப்போது மிருதுளா சிவப்பு நாடாவிலிருந்து ஓரடி தள்ளி நின்றாள். ஒரு காலை வெளியே வைத்திருந்தால் போதும். நீலத்துக்கும் ஒரு புள்ளி, ஒன்றுக்கு ஒன்று; சமமானால் கடைசிப் புள்ளி யாருக்கோ அவருக்கே வெற்றி. போட்டியின்போது நடுவர் யோசனை சொல்லக்கூடாது. நான் விசிலை வாயிலேயே வைத்திருந்தேன்.

நேரம் முடிந்தது. வென்றவர் கையை நடுவர் பிடித்து உயர்த்த வேண்டும். உயர்த்தினேன். கையைத் தூக்குவதற்கு அவள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே முழுக் கனமும் என்னுடையதாக இருந்தது.

ஓவியாவின் அப்பா என்னிடம் வந்து, "தப்புச் சொல்றதுக்கில்லீங்க சார். ரூல்னா ரூல்தானுங்க" என்றார். கண்ணியமானவர். ஓவியா அவர் பின்னால் ஒரு டஜன் வேகவைத்த முட்டையோடு நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றை உரித்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

செப்டம்பர் 18, வியாழன்

வசந்தாமணி இரவே அண்ணனிடம் எல்லாம் கேட்டுவிட்டாள். காலையில் காப்பி வைத்தபடி கேட்டாள்.

"அந்தப் புள்ள தானாப் படுத்துக்கிச்சாமா?"

"ஆமா."

"அப்பறமும் செயிச்சிருச்சா?"

"விதி அப்படி."

"செரிங்க" என்றாள். அடுக்களைக்குப் போனவள் திரும்பி வந்து, "உங்ககிட்ட ஏதாச்சும் கேட்டுச்சா?" என்றாள்.

"நடுவர்கிட்ட என்ன கேக்கறது?"

இன்று அவள் தூக்குவாளி அனுப்பவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

பள்ளி வாசலில் மிருதுளாவுக்குப் பேனர் கட்டியிருக்கிறார்கள். கையை உயர்த்தி நிற்கிற படம். என் முழங்கை வரை வந்திருக்கிறது.

மாநிலப் போட்டிக்கு நான் நடுவர் அல்ல. ஆகவே பயிற்சி கொடுப்பதில் விதிப்படித் தடை இல்லை என்பது நேற்றுத்தான் தோன்றியது. வீட்டிலிருந்த இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி ஆட்டோவில் போட்டுக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். விழக் கற்றுக்கொடுப்பதற்கு. தாடையை மார்பில் ஒட்டி, கையை ஊன்றாமல், முதுகை உருண்டையாக்கி விழ வேண்டும். இருக்கிற நாளில் அதையாவது.

மொட்டைமாடியில் மெத்தையை விரித்தேன். அவள் மாத்திரை டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு, விழறதுக்குச் சொல்லித் தர்றேன்."

"வேண்டாங்க சார்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூடி, இடத்தில் வைத்தாள்.

முறைப்படி பார்த்தால் அதுதான் சரி. நடுவரை உறவுமுறை சொல்லி அழைப்பது தவறு என்று நானே சொல்லியிருக்கிறேன்.

ஒரு தடவை நானே விழுந்து காட்டினேன். அவள் பார்க்கவில்லை. மெத்தையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மெத்தை எங்கே என்று வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று சொன்னேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மச்சானின் காரில் கிளம்பினோம். கடலோர ஊர், ஆறு மணி நேரம். முன்னால் மச்சான், நான். பின்னால் மிருதுளாவும் இரண்டு தார் பழமும். வழி நெடுகப் பாறை வெட்டிப் போட்ட சாலை. கரூர் தாண்டி ஓரிடத்தில் மிருதுளா கண்ணாடியை இறக்கி வெளியே எதையோ கூர்ந்து பார்த்தாள்.

"என்ன கல்லு அது?" என்று கேட்டேன்.

"கல்லுங்க சார்" என்றாள்.

மச்சான் சிரித்தார். "என்னடி, மாமாவையப் போயி சாருங்கற?"

"அவருதானுங்கப்பா சொன்னாரு."

அக்டோபர் 8, புதன்

பெண்கள் எழுபத்தாறு கிலோவில் மூன்று பேர். ஒருவருக்குச் சீட்டு எடுத்ததில் நேராக இறுதிப் போட்டி. மிருதுளாவுக்கு எதிராக விடுதிப் பெண் ஒருத்தி. நல்ல பிள்ளை. மேட்டுக்கு வரும்போது குனிந்து மேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முறையாகப் பழகியவர்களிடம் பார்க்கக் கூடியது.

நடுவர் எனக்குத் தெரிந்தவர், நேர்மையானவர். நான் பார்வையாளர் கேலரியில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அங்கிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. சொன்னாலும் கேட்காது.

மிருதுளா இந்த முறை படுக்கவில்லை. நேராக நின்றாள். படுத்தால் மட்டும் தோல்வி ஆகாது என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கலாம். அல்லது எதைச் செய்தாலும் ஒன்றுதான் என்று நினைத்திருக்கலாம். ஊதியவர் வாயிலிருந்து விசிலை எடுப்பதற்குள் அவள் காற்றில் இருந்தாள். சுத்தமான தூக்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை. மிருதுளா வலக்கையை ஊன்றி விழுந்தாள். விழத் தெரியாதவர்கள் எல்லோரும் அப்படித்தான் விழுவார்கள். எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

சத்தம் மூன்றாவது வரிசை வரை கேட்டது.

மணிக்கட்டு, காறையெலும்பு, இரண்டிலும் முறிவு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது அவள் அழவில்லை. மச்சான்தான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். "ஆளில்லீன்னு சொன்னீங்களே மாப்ள" என்று நாலைந்து தடவை சொன்னார். மாவட்டத்தைப் பற்றித்தான் சொன்னேன் என்பதை எடுத்துச் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். பிறகு போய் இளநீர் வாங்கி வந்தேன்.

வசந்தாமணி போன் செய்தாள். "புள்ளைக்கு எப்பிடீங்க?"

"மூன்றாம் இடம்" என்றேன்.

அவள் வைத்துவிட்டாள்.

அக்டோபர் 9, வியாழன்

காலையில் பரிசளிப்பு. பிரிவில் மூன்றே பேர் என்பதால் மிருதுளாவுக்கு வெண்கலம். சான்றிதழில் பெயர், பிறந்த தேதி, எடைப் பிரிவு எல்லாம் சரியாக இருக்கின்றன. மச்சான் இரண்டு முறை படித்துப் பார்த்தார். பெற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டில் மாணவியே கையெழுத்துப் போட வேண்டும். வலக்கையில் மாவுக்கட்டு இருந்ததால், மிருதுளாவின் இடது பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார்கள்.